இறால் ஏன் வரவில்லை? கொடுங்கோல் கதைகளில் வசதியானவர்களின் பார்வை

சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவல் வரிசைக்கு 2020இல் ஒரு முன்கதை வந்தது. 2023இல் படமாகவும் ஓடியது. வேலூர், காட்பாடிப் பக்கம் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே சந்தேகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் மூன்று நாவல்களில் ஒரு நாட்டையே நசுக்கிப் பிழிகிற அதிபர் ஸ்னோ, இந்த முன்கதையில் பதினெட்டு வயதுப் பையன். ஐந்நூறு பக்கத்துக்கு அவன் மனசுக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிடுகிறார் ஆசிரியர். "வில்லனுக்கு நியாயம் கற்பிக்கிறாரா சார்?" என்கிறார்கள்.

சந்தேகம் சரியானதே. கொடுமை செய்கிற பக்கம் இருப்பவனின் கண் வழியாகக் கதை நடந்தால், அந்தக் கண் சொல்வதை எவ்வளவு நம்புவது? இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கதையின் முடிவுகளும் இடையில் வரும். இன்னும் படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

## முதலில் அடிப்படை

டிஸ்டோபியா என்றால், மேலே இருப்பவர்கள் 'ஒழுங்கு' என்று பெயர் வைத்து நடத்துகிற, கீழே இருப்பவர்களுக்கு நரகமாக இருக்கிற கற்பனைச் சமூகம். எல்லாம் இடிந்து பாழாய்ப்போன உலகத்தை மட்டும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே ரயில் நேரத்துக்கு ஓடலாம், தெரு பளிச்சென்று இருக்கலாம்.

வசதியான கதாபாத்திரம் என்றால் பணக்காரர் என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆட்சியின் கொடுமை தன் வீட்டு வாசலுக்கு வராது, வந்தாலும் கடைசியாகத்தான் வரும் என்று நம்பி இருக்க முடிகிறவர் எவரோ, அவர். கையில் காசில்லாமலும் இந்த நம்பிக்கை இருக்கலாம். ஸ்னோவிடம் இருப்பது அதுதான்.

மூன்றாவது, பார்வைக்கோணம். கதையை யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது. இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் அடியில் இருப்பவர் அல்லது நடுவில் மாட்டிக்கொண்டவர் கண்ணிலேயே நடக்கும். ஜார்ஜ் ஆர்வெல்லின் 1949 நாவலான 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' நாயகன் வின்ஸ்டன், கட்சியின் வெளிவட்டத்தில் இருக்கும் சாதாரண ஊழியன். வீட்டுச் சுவரில் இருந்து உளவு பார்க்கும் திரையை அணைத்துவைக்கும் உரிமை உள்வட்டத்து ஓ'பிரையனுக்கு உண்டு. அவர் அதை அணைப்பதை வின்ஸ்டன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான். ஓ'பிரையன் மனசுக்குள் நாம் போவதே இல்லை. காலின்ஸ் 2020இல் செய்தது அந்தக் கதவைத் திறந்ததுதான். வாசகருக்குத் தலை சுற்றுவதில் ஆச்சரியம் இல்லை.

## சலுகைக்கும் படிக்கட்டு உண்டு

பனெம் என்ற அந்தக் கற்பனை நாட்டுக்குத் தலைநகரம் கேப்பிடல். அதைச் சுற்றிப் பன்னிரண்டு மாவட்டங்கள். (நம் வட ஆற்காட்டை 1989இலும், வேலூரை 2019இலும் பிரித்தது நிர்வாகத்துக்காக. அங்கே மாவட்டம் என்றால் வேலிக்குள் அடைப்பது.) ஒரு பழைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண் என்று 24 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவரையொருவர் கொல்ல வைத்துத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள்.

சீட்டுக் குலுக்கல் எல்லோருக்கும் பொது என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 வயதில் பெயர் ஒரு முறை பெட்டியில் விழும். அடுத்த வயதில் இரண்டு. இப்படி 18 வயதில் ஏழு. பசியில் இருக்கும் வீட்டுப் பிள்ளை, ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கூடுதலாக ஒரு சீட்டு போடலாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு, ஒவ்வோர் ஆண்டும். எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். நாயகி கேட்னிஸுக்கு 16 வயதில் 20 சீட்டு. ஐந்து பேர் உள்ள வீட்டைத் தாங்குகிற அவள் தோழன் கேலுக்கு 18 வயதில் 42. அதே ஊர் மேயரின் மகள் மேட்ஜுக்கு வெறும் ஐந்து.

குலுக்கல் நாளன்று மேட்ஜ் வெள்ளைக் கவுனும் தங்க ஊசியும் அணிந்து கதவைத் திறக்கிறாள். கேல் அவளிடம் எரிந்து விழுகிறான். அவளும் அடிமை மாவட்டத்துப் பெண்தான், அவள் சீட்டும் பெட்டியில் கிடக்கிறது. அவளுடைய சித்தியே ஒரு காலத்தில் இந்த விளையாட்டில் செத்தவள் என்பது பிறகு தெரியவரும். அப்படியும் 5-க்கும் 42-க்கும் இடையில் இருக்கிற தூரம், ஒரே ஊரில் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிடுகிறது. கோபம் கேப்பிடல் வரைக்கும் போய்ச் சேராமல் மேயர் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. ஆட்சிக்கு அது லாபம். சீட்டு முறையின் அசல் சாமர்த்தியம் இங்கேதான் என்பது என் கருத்து. சண்டை போட்டுச் சாகும் மைதானம் அதற்குப் பிறகுதான்.

## ஸ்னோவின் கண்

இனி முன்கதைக்கு வருவோம். தொடக்கத்தில் ஸ்னோ முட்டைக்கோஸ் வேக வைத்துக்கொண்டு நிற்கிறான். வீடு கேப்பிடலின் பெரிய மனிதர்கள் தெருவில், உச்சி மாடியில். உள்ளே சோற்றுக்கு வழியில்லை. வெந்த கோஸின் வாடை மேலே ஒட்டிக்கொண்டால் பள்ளியில் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பயம். விழாவுக்குப் போட நல்ல சட்டை இல்லை. ஒன்றுவிட்ட அக்கா டைக்ரிஸ், அவன் அப்பாவின் பழைய சட்டையைத் திருத்தித் தைத்து, வேலைக்காரர் குளியலறையில் இருந்து பெயர்த்த ஓட்டுச் சில்லுகளைப் பொத்தானாக வைத்துத் தருகிறாள்.

இதைப் படிக்கிற எவருக்கும் அவன் மேல் இரக்கம் வரும். வர வேண்டும் என்றே எழுதியிருக்கிறார். சிறுவயதில், அந்தப் பழைய கிளர்ச்சிப் போரின் முற்றுகையின்போது அவன் நிஜமாகவே பட்டினி கிடந்தவன். தெருவில் சுருண்டு விழுந்த வேலைக்காரப் பெண்ணின் காலை, தெரிந்த பெரிய வீட்டு மனிதர் ஒருவரே அறுத்து எடுத்துப்போனதைப் பார்த்தவன். அதைச் செய்தது ஒரு கேப்பிடல்காரர். அவன் வெறுப்பு முழுக்கத் திரும்புவதோ மாவட்டத்துக்காரர்கள் மேல்.

அவன் பார்வை எப்படி வேலை செய்கிறது என்பதை மூன்று விஷயங்களில் பிடிக்கலாம்.

1. தன் கஷ்டம் கிட்டத்தில், அடுத்தவர் கஷ்டம் தூரத்தில். சட்டைப் பொத்தானுக்கு ஒரு பத்தி போகும். மாவட்டப் பிள்ளைகள் மாட்டுக் கொட்டகை நாற்றமடிக்கிற ரயிலில் வந்து இறங்குவதும், மிருகக்காட்சிசாலையில் குரங்குக் கூண்டில் அடைக்கப்படுவதும் அவன் கண்ணில் முதலில் ஏற்பாட்டுக் குறைபாடாகத்தான் படுகின்றன.

2. விதிவிலக்கு காட்டுவது. விளையாட்டுக்கு வந்தவர்களில் அவன் பொறுப்பில் விடப்பட்ட லூசி கிரே என்ற பாடகிப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப்போகிறது. மாவட்டத்துப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்றால் தன் கொள்கை உடையுமே? அவள் உண்மையில் மாவட்டத்தைச் சேர்ந்தவளே இல்லை, ஊர் ஊராகச் சுற்றுகிற கூட்டத்துப் பெண் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். "நீங்க மத்தவங்க மாதிரி இல்லைங்க" என்று நம் ஊரில் பாராட்டுவது போலச் சொல்வார்களே, அதே கதை. ஒருவரை உயர்த்திவிட்டு மிச்சம் அத்தனை பேரையும் இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

3. 'என்னுடையது' என்ற நினைப்பு. அக்கறை காட்டும் இடங்களில் எல்லாம் உடைமையும் சேர்ந்தே வரும். அவள் ஜெயித்தால் அவனுக்குப் பல்கலைக்கழகம் போக உதவித்தொகை கிடைக்கும். பாசம் எது, பரிசு எது என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அந்த இடங்களில் ஆசிரியர் நமக்கும் பிரித்துக் காட்டுவதில்லை.

ஒரு காட்சியை மட்டும் கவனியுங்கள். லூசி கிரேயை வரவேற்கப் போனவன் அவளோடு வண்டியில் மாட்டிக்கொள்கிறான்; வண்டி எல்லோரையும் கூண்டுக்குள் கொட்டிவிடுகிறது. சில நிமிடம் அவனும் கம்பிக்குப் பின்னால் நிற்கிறான். அந்த நேரத்தில் அவனை வாட்டுவது அவமானம். யார் பார்க்கிறார்கள், கேமரா எங்கே, தலைமுடி எப்படி இருக்கிறது என்பதுதான். அவள் சொல்லிக்கொடுத்த துணிச்சலில் அந்த அவமானத்தையே நல்ல தொலைக்காட்சிக் காட்சியாக மாற்றிவிடுகிறான். கூண்டைப் பற்றி எதுவும் யோசிக்காமலேயே கூண்டுக்குள் நின்றுவிட்டு வெளியே வந்துவிடுகிறான். 'வில்லனுக்கு நியாயம்' என்ற சந்தேகத்துக்குப் பதில் தேடுகிறவர்கள் இந்தக் காட்சியை இரண்டு தடவை படித்தால் போதும்.

## மேசை நாகரிகம்

எஃபி டிரிங்கெட் ஸ்னோவைப் போல ஆழமான ஆள் கிடையாது. கேப்பிடலில் இருந்து பன்னிரண்டாம் மாவட்டத்துக்கு வந்து சீட்டெடுத்து, பிள்ளைகளை ரயிலில் கூட்டிப்போவது அவள் வேலை. அவளுடைய பெரிய கவலை, இதைவிட நல்ல மாவட்டமாகப் பதவி உயர்வு கிடைக்காதா என்பது. ரயிலில் சாப்பிடும்போது கேட்னிஸையும், அவளோடு விளையாட்டுக்குப் போகும் பையன் பீட்டாவையும் பார்த்து, உங்களுக்காவது மேசை நாகரிகம் தெரிகிறதே, போன வருடம் வந்த இரண்டும் எல்லாவற்றையும் கையால் அள்ளித் தின்றன என்று மெச்சுகிறாள். அந்த இருவர் வாழ்நாளில் ஒரு நாளும் வயிறாரச் சாப்பிடாத பிள்ளைகள். கேட்டுக்கொண்டிருந்த கேட்னிஸ் மிச்சச் சாப்பாட்டை வேண்டுமென்றே கையால் சாப்பிட்டு, மேசை விரிப்பிலேயே கையைத் துடைக்கிறாள்.

ஆம்பூர் பிரியாணியைக் கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இந்த இடம் கூடுதலாகவே உறைக்கும். ஆனால் எஃபியிடம் தீய எண்ணம் இல்லை. அவள் கொடூரம் என்று எதையும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையான சொற்களே அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. நேரம், ஒழுங்கு, மரியாதை, நன்றி — அவ்வளவுதான் அவளுடைய அகராதி. பட்டினியை அந்த அகராதியில் தேடினால் 'நாகரிகமின்மை' என்ற பக்கத்தில்தான் கிடைக்கும்.

## இறால் சொன்ன சேதி

எஃபி போன்றவர்கள் சொல்வதில் ஒன்றும் இல்லை என்று தள்ளிவிட முடியாது. வரிசையின் இரண்டாவது நாவலில், 2009இல் வந்ததில், இதற்குச் சிறந்த இடம் இருக்கிறது. கேட்னிஸுக்கு அலங்காரம் செய்ய கேப்பிடலில் இருந்து வரும் ஆக்டேவியா, விருந்துக்கு இறால் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டால், நான்காம் மாவட்டத்தில் வானிலை சரியில்லையாம், வாரக்கணக்கில் கடல் உணவே வரவில்லையாம். அவள் அதை முழுமையாக நம்புகிறாள்.

கேட்னிஸுக்கோ வேறு கணக்கு ஓடுகிறது. நான்காம் மாவட்டம் மீன்பிடி மாவட்டம். அங்கே கிளர்ச்சி வெடித்துவிட்டது! மெல்லப் பேச்சுக் கொடுத்து இன்னும் கறக்கிறாள். இசைச் சில்லுகள் கிடைக்கவில்லை என்றால் மின்னணுப் பொருள் செய்யும் மூன்றாம் மாவட்டம். ரிப்பன் இல்லை என்றால் துணி நெய்யும் எட்டாம் மாவட்டம். அரசுத் தொலைக்காட்சி மூடி மறைத்த வரைபடம் மொத்தமும், அலங்காரம் செய்ய வந்தவர்களின் குறைகளில் இருந்து கிடைத்துவிடுகிறது.

நான் சொல்ல வருவதன் மையம் இதுதான். வசதியான கதாபாத்திரத்தின் கருத்தை நம்ப வேண்டாம். அவருடைய முணுமுணுப்பை நம்பலாம். ஆட்சி நல்லதா கெட்டதா என்று கேட்டால் மனப்பாடம் செய்ததைச் சொல்வார். எதெல்லாம் கிடைக்கவில்லை, எது தாமதம், யார் வேலைக்கு வரவில்லை என்று தானாகப் புலம்பும்போது, மதிலுக்கு அந்தப்பக்கம் நடப்பது அவரை அறியாமலே வந்து விழும்.

## வேலூர்க் கோட்டைக்குள் இருந்து பார்த்தால்

இது கதைக்கு மட்டும்தானா? மேலே உட்கார்ந்து பார்ப்பவருக்கு விஷயம் எவ்வளவு சின்னதாகத் தெரியும் என்பதற்கு நம் கோட்டையிலேயே சான்று இருக்கிறது.

1805 நவம்பரில் மதராஸ் படைக்குப் புது விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை வழிக்க வேண்டும், மீசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். தொப்பி போன்ற புதுத் தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் வேறு. விதி போட்ட தலைமைத் தளபதி ஜான் கிராடக்கின் இடத்தில் இருந்து பார்த்தால் இது சிப்பாய் மிடுக்காகத் தெரிய வேண்டும் என்ற சங்கதி. தலையில் வைக்கச் சொன்னவனுக்கு அது மதம் போகும் சங்கதி. 1806 மே மாதம் மறுத்தவர்களில் ஓர் இந்து, ஒரு முஸ்லிம் என இருவருக்குத் தலா 900 கசையடி விழுந்தது. ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் தரப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே அடக்கியது. செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். பிறகு விதி ரத்தானது; கிராடக்கும் ஆளுநர் பென்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

அதே மதிலுக்குள் இன்னொரு வசதியான கூட்டமும் இருந்தது: திப்பு சுல்தானின் பிள்ளைகளும் குடும்பமும். மகால் உண்டு, உதவித்தொகை உண்டு, எழுச்சிக்கு முதல் நாள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணமே நடந்தது. வெளியே போகத்தான் அனுமதி இல்லை. எழுச்சி அடங்கியதும் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஃபேன்கோர்ட்டின் மனைவி அமேலியா, பிள்ளைகளோடு ஒளிந்திருந்து உயிர் பிழைத்து, அந்த இரவைப் பற்றி எழுதிவைத்தார். அவருடைய பயம் நிஜம், இழப்பும் நிஜம். ஸ்னோவின் பசியும் அப்படித்தான். ஒருவர் பட்ட துன்பம் நிஜமாக இருப்பதும், அவர் பார்வை மதிலோடு முடிந்துபோவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை.

அப்புறம், பாலாற்றங்கரை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலைப் பற்றி வெளியூரில் கேட்டால் ஏற்றுமதி, அந்நியச் செலாவணி என்பார்கள். பொய்யில்லை. உச்ச நீதிமன்றமும் 1996 தீர்ப்பில் அதை ஒப்புக்கொண்டது. கூடவே, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பயிருக்கு உதவாமல் போனதையும் எழுதி, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. ஷூ வாங்குகிறவருக்குத் தெரிவது விலைச் சீட்டு மட்டும்தான்.

## தெரிந்தே இருப்பவர்கள்

எல்லோரும் தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்', 1932, அதில் வரும் ஆட்சியாளர் முஸ்தஃபா மாண்டுக்கு எல்லாமே தெரியும். தடை செய்த புத்தகங்களைப் பெட்டகத்தில் பூட்டி வைத்து அவரே படிப்பார். இளமையில் இயற்பியலாளர், நாடு கடத்தித் தீவுக்கு அனுப்பவா, ஆளவந்தார் ஆகிறாயா என்று கேட்டபோது இரண்டாவதைத் தேர்ந்தவர். விலையைக் கணக்குப் பார்த்துச் சம்மதித்த ஆள் என்பதால் அவரோடு வாதாடுவது கஷ்டம்.

மார்கரெட் அட்வுட்டின் 1985 நாவலான 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' காட்டும் செரீனா ஜாய் வேறு ரகம். பெண்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவள். அவள் கேட்ட ஆட்சியே வந்தது; இப்போது அவளும் வீட்டில்தான். தோட்டம், பின்னல் ஊசி, கள்ளச் சந்தைச் சிகரெட். கொடுமையின் பலன் அவளுக்கும் கிடைக்கிறது, அடியும் விழுகிறது. அவளைப் பாவம் என்று சொன்னாலும் சரி, வேண்டும் அவளுக்கு என்று சொன்னாலும் சரி, பாதிதான் சரியாக இருக்கும்.

## அப்படியானால் பொறுப்பு யாருடையது?

பிறந்த இடம் அப்படி, வளர்ந்த விதம் அப்படி, என்ன செய்வான் என்று ஸ்னோவை விட்டுவிடலாமா? விட முடியாதபடி அதே வகுப்பில் ஒருவனை உட்கார வைத்திருக்கிறார் காலின்ஸ். செஜானஸ் பிளின்த். இரண்டாம் மாவட்டத்தில் பிறந்தவன். அப்பா ஆயுதம் விற்றுச் சம்பாதித்ததில் கேப்பிடலுக்குக் குடிவந்தவன். ஸ்னோவை விடப் பல மடங்கு பணக்காரன். அவனோ செத்துப்போன தன் பழைய வகுப்புத் தோழனுக்குத் தங்கள் மாவட்ட வழக்கப்படி ரொட்டித் துகள் தூவ, மைதானத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறான். வசதி பார்வையை மறைக்கும், உண்மைதான். முழுசாக மறைத்துவிடும் என்றால் செஜானஸ் இருக்க முடியாது. பின்னால் அவனைத் தூக்குமேடை வரை கொண்டுபோவது, நண்பன் ஸ்னோ ரகசியமாகப் பதிவு செய்து அனுப்பிய பேச்சு. பிறகு பிளின்த் குடும்பச் சொத்துக்கு வாரிசாவதும் ஸ்னோவே.

இறால் கேட்ட ஆக்டேவியாவின் கணக்கு இதைவிடச் சிக்கல். மூன்றாம் நாவலில் அவளும் கூட்டாளிகளும் அழிந்துவிட்டதாகக் கேப்பிடல் சொல்லிவந்த, கிளர்ச்சியாளர்களின் பதின்மூன்றாம் மாவட்டத்தில் சங்கிலியில் கிடக்கிறார்கள். குற்றம்: அளவுக்கு மேல் ரொட்டி எடுத்தது. கேட்னிஸ் கொதிக்கிறாள், விவரம் தெரியாதவர்கள், விட்டுவிடுங்கள் என்கிறாள். கேலுக்குப் புரியவில்லை. உன்னைச் சாகடிக்க அலங்காரம் செய்து அனுப்பியவர்கள்தானே என்று கேட்கிறான்.

வாதம் என்று பார்த்தால் கேல் பக்கம்தான் பலம் அதிகம். விவரம் தெரியாமல் இருப்பதற்கும் ஒரு சம்பளம் உண்டு, அதை அவர்கள் வருடக்கணக்கில் வாங்கினார்கள். ஆனால் ஒரு துண்டு ரொட்டிக்குச் சங்கிலி போடுகிற புது ஆட்சி எப்படிப்பட்டது என்பதை முதலில் மோப்பம் பிடிப்பது கேட்னிஸ்தான். அதைக் கேல் பார்க்கத் தவறுகிறான். அந்த மாவட்டத்தில் அவன் இப்போது ஒரு வீரன், மணிக்கட்டில் சிறப்புத் தொடர்புக் கருவி, பேச்சுக்கு மதிப்பு. நாற்பத்திரண்டு சீட்டுக்காரனுக்கும் ஒரு சலுகை கிடைத்துவிட்டிருந்தது.